பட்ஜெட் ராக் க்ராலர்: மலிவானதா, சின்னதா, பெரியதா?

ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி வண்டிகளில், கல்லில் ஏறும் ராக் க்ராலர் தனி ரகம். இதற்கு வேகம் வேண்டாம். ஆள் நடப்பதைவிட மெதுவாக, ஒரு சக்கரம் கல்லைக் கவ்வியபின் அடுத்த சக்கரம் என்று ஊர்ந்து ஏறும். சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் பூட்டியே இருப்பதால் நாலு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்ற மூன்றும் இழுக்கும். கொஞ்சம் கல்லும் ஒரு மூலையும் கிடைத்தால் ஒரு சாயங்காலமே போய்விடும். ஆனால் "பட்ஜெட்டில் எதை வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதிலில் பெரும்பாலும் டப்பா விலை மட்டும்தான் இருக்கிறது. க்ராலரை வாங்கின நாளிலிருந்தே அதில் எதையாவது மாற்ற ஆரம்பித்துவிடுவோம். அந்த மாற்றத்துக்கு ஆகும் செலவையும் சேர்த்துத்தான் எது மலிவு என்று பார்க்கணும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். யூடியூபில் பட்ஜெட் க்ராலர் வீடியோ எதைப் பார்த்தாலும் பார்ட்ஸை அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன ஆன்லைன் கடையில் வாங்கச் சொல்வார்கள். அது 2020 நவம்பரிலேயே இங்கே தடை செய்யப்பட்டுவிட்டது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரியும் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் ஏறியது. அதனால் வெளிநாட்டு வீடியோவில் "மலிவு" என்று சொல்லப்படுவது நமக்கு மலிவாக இருக்கணும் என்றில்லை. உடைந்த பார்ட்டுக்கு மாற்று இங்கே கடையில் கிடைக்கிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

போட்டியில் இருப்பவை மூன்று வகை. 1/16 அளவில் (நிஜ வண்டியில் பதினாறில் ஒரு பங்கு) டபிள்யூபிஎல் சி24 போன்ற, பொம்மைக்கும் ஹாபிக்கும் நடுவில் நிற்கும் வண்டிகள். அடுத்து சின்ன க்ராலர்கள்: 1/24-இல் ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்24, எஃப்எம்எஸ் எஃப்சிஎக்ஸ்24, 1/18-இல் டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம். மூன்றாவது, முழு அளவு 1/10. அதில் பட்ஜெட்டுக்குள் வருவது ஆர்ஜிடி 86100 மாதிரி வண்டிகளும், கைமாறி வரும் பழைய ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10-களும்.

டபிள்யூபிஎல்: ஐந்து கம்பிப் பிரச்சினை

சி24-ஐக் கையில் எடுத்தால் ஆசையாகத்தான் இருக்கும். டொயோட்டா ஹைலக்ஸ் சாயலில் அழகான பிக்கப் பாடி, நாலு சக்கர இழுவை, ஆக்ஸிலரேட்டரும் ஸ்டியரிங்கும் அழுத்துகிற அளவுக்கேற்ப அசையும். மற்ற இரண்டு வகையின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் கருங்கல்லில் ஏற்றிப் பார்த்தால் டயர் கடினமாக இருப்பதால் வழுக்கும். முன் சக்கரம் ஒரு விரிசலில் மாட்டிக்கொண்டால், ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டாரான சர்வோ 'ர்ர்ர்' என்று முனகும், சக்கரம் திரும்பாது.

சரி, சர்வோவை மாற்றிவிடலாம் என்று நினைத்தால் அங்கேதான் வினை. சாதாரண ஆர்சி சர்வோவில் மூன்று கம்பி: பிளஸ், மைனஸ், சிக்னல். அதை இயக்கும் சர்க்யூட் சர்வோவுக்குள்ளேயே இருக்கும். டபிள்யூபிஎல் வண்டிகளில் பெரும்பாலும் வருவது ஐந்து கம்பி சர்வோ. இரண்டு கம்பி அதன் மோட்டாருக்கு, மூன்று கம்பி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று காட்டும் பொட்டென்ஷியோமீட்டருக்கு. இயக்கும் சர்க்யூட், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் போர்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நல்ல சர்வோ போட வேண்டுமானால் ரிசீவர் போர்டைக் கழற்றணும். அதைக் கழற்றினால் மோட்டாரை ஓட்டத் தனியாக ஒரு ஈஎஸ்சி (வேகக் கட்டுப்பாட்டு சர்க்யூட்) வேண்டும். புது ரிசீவர் என்றால் அதோடு பேசுகிற புது ரிமோட்டும் வேண்டும். ஒரு சர்வோவுக்காக ஆரம்பித்தது மொத்த எலெக்ட்ரானிக்ஸையும் மாற்றுவதில் போய் முடியும்.

மோட்டார் பக்கமும் இதே கதைதான். பெரிய 370 மோட்டார் போட்டால் கியர்பாக்ஸின் பிளாஸ்டிக் பல் மழுங்கும். உலோகக் கியர் போட்டால் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். அதையும் உலோகமாக்கினால் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியர் போகும். ஒவ்வொன்றையும் மாற்றி முடிப்பதற்குள் டிஆர்எக்ஸ்-4எம் விலையை நெருங்கியிருப்போம். வண்டி என்னவோ அதன் பாதித் திறமையில்தான் நிற்கும்.

இதற்காக டபிள்யூபிஎல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த, பிரித்துப் பூட்டுவதில்தான் சந்தோஷம் என்கிற பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. உடைத்தாலும் மனசு பதறாது. அவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: எலெக்ட்ரானிக்ஸை மாற்றுவதாக இருந்தால், ஈஎஸ்சியும் ரிசீவரும் ரிமோட்டும் பின்னால் வாங்கப்போகும் பெரிய வண்டிக்கும் பொருந்துகிற மாதிரி இப்போதே வாங்கிவிடுங்கள். ட்ரோன் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட்டே போதும். ஸ்டிக் ரிமோட்டில் க்ராலர் ஓட்டுவது கொஞ்ச நாளில் பழகிவிடும்.

சின்ன க்ராலர்கள்

எடுத்த எடுப்பில் ஓட்டணும், ஸ்க்ரூ டிரைவரையே தொடக்கூடாது என்றால் இவைதான். வீட்டு வாசலில் முக்கால் இன்ச் ஜல்லி கொட்டிக் கிடந்தால் 1/24 வண்டிக்கு அது ஒரு மலை. மொட்டை மாடியில் நாலு செங்கல்லையும் பூந்தொட்டிகளையும் அடுக்கினால் போதும். மழைக்காலத்தில் ஹாலில் புத்தகங்களை அடுக்கியும் ஓட்டலாம்.

மூன்றில் எஸ்சிஎக்ஸ்24 மூத்தது, அதனால் மாற்றுப் பாகங்கள் அதற்குத்தான் அதிகம். ஆனால் டப்பாவிலிருந்து எடுத்தபடியே ஓட்டினால் ஷாக்கில் எண்ணெய் இல்லாததால் துள்ளும். தலை கனமாக இருப்பதால் சரிவில் சட்டென்று உருளும். எஃப்சிஎக்ஸ்24-இல் போர்ட்டல் ஆக்ஸில் இருக்கிறது. அதாவது சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி கியர் வைத்து, ஆக்ஸில் குழாயைச் சக்கர மையத்துக்கு மேலே தூக்கியிருக்கிறார்கள். நடுவில் கல் இடிப்பது குறையும். ரிமோட்டிலிருந்தே மாற்றக்கூடிய இரண்டு வேக கியரும் உண்டு. 2022 கடைசியில் வந்த டிஆர்எக்ஸ்-4எம் கொஞ்சம் பெரிது. எண்ணெய் நிரப்பிய அலுமினிய ஷாக், தண்ணீர் தாங்கும் எலெக்ட்ரானிக்ஸ், எஸ்சிஎக்ஸ்24-இன் 350 எம்ஏஎச்சுக்கு எதிரே 750 எம்ஏஎச் பேட்டரி. எதையும் மாற்றாமல் ஓட்டினால் மூன்றில் இதுதான் முன்னால் நிற்கும். வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஓட்ட ஒரே ஒரு சின்ன க்ராலர் என்றால் என் தேர்வு டிஆர்எக்ஸ்-4எம்.

இவற்றின் பலவீனம் இரண்டு. ரிசீவரும் ஈஎஸ்சியும் ஒரே போர்டு. ஒன்று போனால் இரண்டும் போச்சு, அந்தப் போர்டு அந்தக் கம்பெனியிடம் மட்டும்தான். அடுத்தது, அளவு. எண்ணூர் பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளில் இவற்றை விட்டால் இரண்டு பாறைக்கு நடுவே உள்ள இடுக்கு வண்டியையே விழுங்கிவிடும். அங்கே 1/10 வண்டிதான் ராஜா. எந்த அளவு வண்டியாக இருந்தாலும் கடல் ஓரத்தில் ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து பேரிங்குகளுக்கு எண்ணெய் விடணும். உப்புக்கு "வாட்டர்ப்ரூஃப்" என்ற வார்த்தை புரியாது.

1/10: விலை அதிகம், செலவு குறைவு

ஆர்ஜிடி 86100-இன் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 313 மில்லிமீட்டர். எஸ்சிஎக்ஸ்10 வண்டிகள் பலவற்றுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் இந்த அளவுக்குச் செய்யப்பட்ட பாடிகள் ஏராளம். சக்கரம் பூட்டும் ஹெக்ஸ் 12 மில்லிமீட்டர், ரிம் 1.9 இன்ச், மோட்டார் 540, சர்வோ ஸ்டாண்டர்ட் சைஸ். ஒவ்வொன்றும் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது அளவு. பட்ஜெட் என்று பேசினால் நான் கடைசியில் இங்கே வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நடைமுறையில் எப்படி என்று சர்வோவை வைத்துப் பார்க்கலாம். 1/10 ரெடிமேட் வண்டிகளில் முதலில் கையை விரிப்பது சர்வோதான். சென்னை ரிட்சி தெருவில் ரோபாட்டிக்ஸ் சாமான் விற்கும் கடையில் டிஎஸ்3218 என்று கேளுங்கள். கல்லூரி புராஜெக்ட்டுக்கு ரோபோ கை செய்கிறவர்கள் வாங்கும் அதே 20 கிலோ மெட்டல் கியர் சர்வோ. ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். இன்னும் மலிவாக எம்ஜி996ஆர் தருவார்கள், வேண்டாம். அதன் 10 கிலோ சொச்சம் விசை இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியின் சக்கரத்தைக் கல் இடுக்கில் திருப்பப் போதாது.

பெரிய சர்வோ போட்டதும் புதிதாக ஒன்று நடக்கும். சக்கரம் மாட்டிக்கொண்ட இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கும். ரிமோட் ரேஞ்ச் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஈஎஸ்சிக்குள் இருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கும் பிஇசி தரும் இரண்டு மூன்று ஆம்பியரை சர்வோ உறிஞ்சிக்கொள்வதால் ரிசீவருக்கு வோல்டேஜ் பத்தாமல் போகிறது. அதே தெருவில், வோல்டேஜைக் குறைத்துத் தரும் எக்ஸ்எல்4015 பக் கன்வர்ட்டர் மாட்யூல் ஒன்று வாங்கி, பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, 6 வோல்ட்டுக்குத் திருகி மல்டிமீட்டரில் உறுதி செய்துகொண்டு சர்வோவின் பிளஸ், மைனஸுக்குக் கொடுங்கள். சிக்னல் கம்பி மட்டும் ரிசீவருக்கு. மைனஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கணும். இரண்டு மூன்று பிளேட் பிரியாணி காசில் தீர்ந்துபோகிற சிக்கல் இது.

ஈஎஸ்சி மாற்றுவதாக இருந்தால் ஹாபிவிங் குவிக்ரன் 1060, 1080 இரண்டும்தான் எல்லோரும் ஒப்பிடுவது. 1060 மலிவு. அதில் பேட்டரி வகையை, பின்களை இணைக்கும் ஒரு சின்ன ஜம்பரால் தேர்ந்தெடுக்கணும். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மாட்டிவிட்டு ஜம்பரை நிக்கல் பேட்டரி பக்கம் விட்டால் செல் வற்றிப் போகும்வரை வண்டி நிற்காது, பேட்டரி வீண். 1080 க்ராலருக்கென்றே வந்தது. விரலை எடுத்ததும் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் டிராக் பிரேக்கின் அளவை அதில் மாற்றிக்கொள்ளலாம். காசு இருந்தால் 1080. இல்லையென்றால் 1060-ஐ முன்-பின் மோடில் போட்டு ஓட்டினாலும் பிரேக் நன்றாகவே பிடிக்கும்.

எதில் முதலில் கை வைப்பது

மோட்டாரை விட்டுவிடுங்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் காசை அங்கே போடுகிறார்கள், ஏறும் திறமை அதனால் துளியும் அதிகமாகாது. எடை, டயர், சர்வோ. என் வரிசை இது.

எடைக்குப் பித்தளை பாகங்கள் விற்கிறார்கள், அழகாகவும் இருக்கும், விலையும் அதற்கேற்ப. அதற்குப் பதில் கார் டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ரிம்மில் ஒட்டும் எடைப் பட்டையைக் கேளுங்கள். 5, 10 கிராம் கட்டிகளாக, பின்புறம் பசையோடு வரும். டயரைக் கழற்றி, முன் ரிம்மின் உள்வட்டத்தைச் சுற்றி ஒட்டி, மேலே டேப் சுற்றி, டயருக்குள் இருக்கும் ஃபோமைத் திரும்பப் போட்டு மூடுங்கள். 1/10-க்கு ஒரு முன் சக்கரத்தில் 60 கிராமில் ஆரம்பிக்கலாம், 1/18-க்கு 20 போதும். சேஸியில் எடை வைத்தால் வண்டி ஆடும்; சக்கரத்தில் வைத்த எடை தரையோடு தரையாக நிற்கும். ஈயப் பட்டையாக இருந்தால் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

போதுமா என்று தெரிந்துகொள்ளச் சமையலறைத் தராசு இருக்கிறது. முன் சக்கரம் இரண்டும் தராசின் மேல், பின் சக்கரங்கள் அதே உயரத்துக்கு அடுக்கிய புத்தகத்தின் மேல். வண்டியின் மொத்த எடையில் 55 முதல் 60 சதவீதம் முன்னால் காட்டணும். காட்டாவிட்டால் முதலில் பேட்டரியை முன்னால், முடிந்தவரை தாழ்வாக நகர்த்திப் பாருங்கள், அதற்குக் காசே வேண்டாம்.

டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் எளிதாகக் குழிந்து மெதுவாக எழணும். டபிள்யூபிஎல் டயர் குழியாது. டயரின் மேல் புடைத்திருக்கும் பட்டன்களில் ஒன்றுவிட்டு ஒன்றின் நடுவில் பிளேடால் கீறிவிட்டு, உள்ளே காற்று வெளியேற 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இரண்டு போட்டால் வித்தியாசம் தெரியும். ஃபோம் ரொம்ப இறுக்கமாக இருந்தால் அதன் வெளிவட்டத்தில் முக்கோணமாக வெட்டி எடுக்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் திணிக்காதீர்கள். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

கையில் ஐந்தாறாயிரம்தான் இருக்கிறது, பிரித்து மேயப் பிடிக்கும் என்றால் டபிள்யூபிஎல். குழந்தையோடு சேர்ந்து வீட்டைச் சுற்றி ஓட்ட டிஆர்எக்ஸ்-4எம். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து 1/10-க்குப் போங்கள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய வண்டியைப் பார்க்கப் போனால் பாடியைக் கழற்றச் சொல்லி, சேஸியைக் கையில் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் பேரிங், அது கவலையில்லை. ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துச் சுற்றும்போது எதிர்ச் சக்கரம் தாமதமாகவோ 'டக் டக்' என்றோ சுற்றினால் ஆக்ஸில் கியர் போயிருக்கிறது, அதை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். லைப்போ பேட்டரி உப்பியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.