அறுகோண டைல் வாங்கப் போனால் டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்

எங்கள் வீட்டு போர்டிகோவுக்கு அறுகோண டைல் போட்டாயிற்று. பத்துக்குப் பத்து, நூறு சதுர அடி. டைல் அருமை. விற்ற கடையின் கணக்குதான் மோசம்.

முதலில் டைல். சாம்பல் நிறம், மேட் ஃபினிஷ், சாரல் அடித்தாலும் வழுக்கவில்லை. மூன்று டைல் கூடும் இடத்தில் மூன்று 120 பாகை சேர்ந்து 360 ஆக வேண்டும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் நாலைந்து வரிசை தாண்டுவதற்குள் இடைவெளி வாயைப் பிளக்கும். இதில் கடைசி வரிசை வரை கச்சிதமாக உட்கார்ந்தது.

இப்போது கடை. “12 இன்ச் டைல் சார். ஒண்ணு ஒரு சதுர அடி, நூறு போதும். பீஸ் 60 ரூபாய்” என்றார் கடைக்காரர். நான் ஃபிட்டர், அறுகோணத்தைப் பக்கத்துக்குப் பக்கம்தான் அளப்போம். 17 ஸ்பானர் என்றால் போல்ட் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 17 மில்லிமீட்டர். டேப்பை வைத்தால் இவருடைய 12 முனைக்கு முனை. பக்கத்துக்குப் பக்கம் 10.4தான். முனைக்கு முனை 12 என்றால் ஒரு பக்கம் 6 இன்ச். 6-இன் வர்க்கம் 36, அதை அறுகோணப் பரப்புக்கான 2.598-ஆல் பெருக்கினால் 93.5 சதுர இன்ச். சதுர அடிக்கு 144 வேண்டுமே! ஒரு டைல் 0.65 சதுர அடிதான் தேறும். நூறு சதுர அடிக்கு 154 டைல், சேதாரம் தனி. சதுர அடி 60 என்று நினைத்தால் 92 ஆகிறது. பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். முகம் சுருங்கியது, ஆனால் பீஸுக்கு 52 என்று இறங்கி வந்தார்.

டைல்களுக்கு நடுவே இடைவெளி சமமாக வர வைக்கும் ஸ்பேசர் கேட்டால் சதுர டைலுக்குப் போடும் கூட்டல் குறியைக் கொடுத்தார்கள். மூன்று டைல் சேரும் மூலையில் நாலு கால் எங்கே போகும்? மூன்று கால் ஸ்பேசரை வேறு கடையில் வாங்கினேன்.

சுவரோரம்தான் டைல் அதிகம் வீணாகும் இடம். இரண்டு சுவரில் ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்குப் பாதி டைல் வேண்டும். முனைக்கு முனை ஒரே வெட்டு, அது சுலபம். மற்ற இரண்டு சுவரில் தட்டையான முக்கோணம் வேண்டும். மேஸ்திரி மேலும் கீழும் ஒவ்வொரு முக்கோணம் வெட்டிவிட்டு நடுத்துண்டைத் தூக்கிப் போட ஆரம்பித்தார். நடுப்புள்ளியிலிருந்து ஒன்றுவிட்ட மூன்று முனைகளுக்குக் கோடு போட்டால் மூன்று சாய்சதுரம். ஒவ்வொன்றையும் நீள மூலைவிட்டத்தில் வெட்டினால் அதே முக்கோணம் ஆறு கிடைக்கும். இரண்டு சுவருக்கும் 23 துண்டு. அவர் வழியில் 12 டைல், இந்த வழியில் நாலு. கட்டர் பிடிக்கும் கை மட்டும் நிதானமாக இருக்க வேண்டும்.

எண்கோண டைலும் அங்கே அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். 135-ம் 135-ம் 270, மீதி 90-க்குக் குட்டிச் சதுரம் ஒன்று வேண்டும். அதைத் தனி விலைக்கு விற்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

டெலிவரி சொன்ன நாளில் வந்தது. உடைந்த டைல்களையும் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். டைலுக்கு ஐந்துக்கு ஐந்து, கடைக்கு இரண்டரை.