கர்ப்ப காலத்தில் விரல் ஆக்சிமீட்டர்: 98 என்ற எண் சொல்லாதது

கருவுற்ற 20ஆம் வாரத்தில், ஒரு மாடி ஏறுவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியதாலும், இரவில் மல்லாந்து படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதாலும், மருந்துக்கடையில் 1,200 ரூபாய் கொடுத்து விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றை வாங்கினேன். கொரோனா காலத்தில் பல வீடுகளில் இருந்த அதே கருவிதான்.

கருவியின் உழைப்பில் குறையில்லை. பேட்டரி மூன்று மாதத்துக்கு மேல் வந்தது. இருட்டிலும் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி அளப்பதால், வளைகாப்புக்குக் கறுப்பு மெஹந்தி கோன் வைத்த விரல்களில் மட்டும் எண்ணே வராமல் தடுமாறியது. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் இதே தொல்லையைத் தரும்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு எப்போதும் 97, 98 சதவீதம். நாடித்துடிப்பு 90க்கு மேல். துடிப்பைப் பார்த்துப் பயந்த என்னிடம், கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுவதால் இதயம் நிமிடத்துக்கு 10 முதல் 20 முறை கூடுதலாகத் துடிப்பது இயல்பே என்று மருத்துவர் விளக்கினார். "பிள்ளை மேலே ஏறி நிற்கிறது, அதான் மூச்சு முட்டுது" என்பது அத்தையின் தீர்ப்பு. கடைசி மாதங்களுக்கு அது பொருந்தும். ஆனால் வயிறு பெரிதாகும் முன்பே, புரோஜெஸ்டிரோன் மூளையின் சுவாச மையத்தைத் தூண்டி ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்கிவிடுகிறது.

இதையெல்லாம் கேட்டு, 98 காட்டுகிறதே என்ற தைரியத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டது என் தவறு. பிறகு பார்த்தபோது, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.2 கிராம்தான், கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பது பொதுவான கணக்கு. ஹீமோகுளோபினைப் பேருந்து என்றும் ஆக்சிஜனைப் பயணி என்றும் வைத்துக்கொண்டால், பேருந்தில் இருக்கைகள் நிரம்பிவிட்டன என்று சொல்லும் இக்கருவிக்கு, மொத்தம் எத்தனை பேருந்துகள் ஓடுகின்றன என்பது தெரியாது. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கி ஆறு வாரத்தில் மூச்சு வாங்கல் பாதியாகக் குறைந்தது. கருவி அன்றும் 98தான் காட்டியது.

படபடப்புக்கும் இது அரைகுறைத் துணையே. துடிப்பின் எண்ணிக்கையைச் சொல்லுமே தவிர, தாளம் தப்புவதன் காரணத்தைச் சொல்லாது, அதற்கு ஈ.சி.ஜி. வேண்டும்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினை இலவசமாகவே பார்க்கிறார்கள் என்பதால், முதலில் அதை முடித்துவிட்டு இதை வாங்கலாம். 95க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், கருவியைத் தேடிக்கொண்டிராமல் கிளம்பிவிட வேண்டும்.