வார்டா, சிறையா: இரண்டிலும் தாதியாக இருந்தவளின் கணக்கு

போன மாதம் சிங்கப்பூர்த் தேக்காவில் பழைய வார்டுத் தோழி ஒருத்தியைப் பார்த்தேன். காப்பி வருவதற்குள் கேட்டுவிட்டாள்: "உள்ள வேல எப்படி? நானும் விண்ணப்பம் போடலாமா?" ஒரு மணி நேரம் பேசியும் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பொது மருத்துவமனையின் மருத்துவ வார்டில் ஒன்பது ஆண்டு இருந்தேன். சாங்கிச் சிறையில் இது நான்காம் ஆண்டு. நான் சிறைப் பக்கம்தான் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நான் சிறை அதிகாரி ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள். இல்லை. நான் அதே பதிவுபெற்ற தாதிதான். அதே தாதிமை வாரியச் சான்றிதழைத்தான் புதுப்பிக்கிறேன். சிறைக்கு மருத்துவச் சேவை தரும் தனியார் நிறுவனம்தான் எனக்குச் சம்பளம் தருகிறது. பணக் கணக்கு இங்கேதான் மாறுகிறது. பொது மருத்துவமனைகளில் நீடிக்கும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுக்கும் ஏஞ்சல் திட்டத்தை அரசாங்கம் 2024இல் அறிவித்தது. என் ஒப்பந்தத்தில் அது கிடையாது. வீட்டுக் கடன் கழுத்தை நெரிப்பவர்கள் இந்த இடத்திலேயே வார்டு போதும் என்று முடிவெடுத்தாலும் தப்பில்லை.

பயணம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 2ஆம் எண் பேருந்து போகும். 1936இல் கட்டிய பழைய சிறையின் வாசலும் சுவரும் இப்போது தேசிய நினைவுச் சின்னம். தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். முதல் வாரம் நிமிர்ந்து பார்த்தேன். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் இடத்தைப் பிடித்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வதுதான் வழக்கம்.

கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தபோது எனக்குத் தெரியவே இரண்டு மணி நேரம் ஆனது. அதன் பிறகு பள்ளியில் கணவர் எண்ணை முதலில் கொடுத்து வைத்தோம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். அதே சமயம், வேலை முடிந்த பிறகு வார்டு வாட்சப் குழுவில் "நாளை யாராவது வர முடியுமா" என்று கெஞ்சும் செய்திகளிலிருந்து எனக்கு விடுதலை.

எல்லாரும் கேட்பது, "பயமா இல்லையா?" என்னை அடித்தவர் ஒரே ஒருவர், அவரும் வார்டில்தான். அதிகாலை மூன்று மணிக்கு, சிறுநீர்த் தொற்றால் நினைவு தடுமாறிய எண்பது வயதுத் தாத்தா. தாடையில் குத்து. அவர்மேல் கோபப்படவும் முடியாது. சிறையில் நான் ஒருவரைப் பார்க்கும்போது பக்கத்தில் அதிகாரி இருப்பார். நான்கு ஆண்டில் யாரும் கையை ஓங்கியதில்லை. நான் பார்க்காத பகுதிகளும் உண்டு, பெண்கள் சிறையில் வேலை செய்ததே இல்லை. அங்கும் இப்படித்தானா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

சரி, என்னைச் சிறையில் பிடித்து வைத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

வெளியே தலை வலித்தால் பெனடால் போட்டுக்கொண்டு படுத்துவிடுவோம். உள்ளே இருப்பவருக்கு அந்தப் பெனடாலும் தாதி வழியாகத்தான். அரிப்பு, முதுகு வலி, தூக்கமின்மை, பல் வலி, எல்லாம் என் முன்னால்தான் வந்து நிற்கும். கட்டில் கிடையாது, பாய்தான், அதனால் முதுகு வலி பெரும்பாலும் உண்மை. சிலருக்கு அறையை விட்டு அரை மணி நேரம் வெளியே வந்தால் போதும். சிலருக்குத் தூக்க மாத்திரை வேண்டும். மாத்திரை கொடுத்தால் விழுங்கும்வரை நிற்கிறோம், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறோம். ஆனாலும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். இப்படி இருபது சின்னப் புகார்களுக்கு நடுவே ஒரு பெரிய நோய் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

வார்டில் சந்தேகம் வந்தால் ரத்தம் எடுத்து அனுப்புவேன், இசிஜி போடுவேன், ஒரு அழைப்பில் மருத்துவர் வருவார். இங்கேயும் மருத்துவர் உண்டு, ஆனால் எல்லா நேரமும் பக்கத்து அறையில் இருக்க மாட்டார். முதலில் பார்ப்பது நான்தான். ஒருவரை வெளியே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமென்றால் வண்டி வேண்டும், விலங்கு போட வேண்டும், கூடவே காவலுக்கு அதிகாரிகள் போக வேண்டும். தேவையில்லாமல் அனுப்பினால் இத்தனை பேரின் வேலை கெடும். அனுப்பாமல் விட்டால் ஓர் உயிரே போகலாம்.

ஒருவர், நாற்பது வயதிருக்கும், ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை வந்தார். "மிஸ்ஸி, வயிறு." (தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) முதல் இரண்டு தடவையும் வாயு மாத்திரையோடு போயிருந்தார். கூட வந்தவர்கள் முகத்தில் 'மறுபடியுமா' என்று எழுதியிருந்தது. படுக்க வைத்து வலது அடிவயிற்றை மெதுவாக அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கையைச் சட்டென்று எடுத்தபோதுதான் துள்ளினார். அழுத்தும்போது கத்துவதை யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். எடுக்கும்போது துள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. குடல்வால் அழற்சி. அன்றைக்கே அனுப்பினோம்.

தோற்ற கதையும் உண்டு. இன்னொருவர் நெஞ்சின் ஒரு பக்கம் எரிகிறது என்றார். இசிஜி சரியாக இருந்தது, தோலில் ஒன்றுமில்லை. அதற்கு முன்பு இரண்டு முறை மாத்திரை ஒளித்துப் பிடிபட்டவர் என்பதால் நான் அரை மனதோடுதான் கேட்டேன். இரண்டு நாள் கழித்து சட்டையைத் தூக்கிக் காட்டினார். விலா ஓரமாகக் கயிறு கட்டியதுபோலக் கொப்புளங்கள், அக்கி. "சொன்னேன்ல மிஸ்ஸி" என்றார், அவ்வளவுதான். நெஞ்சு எரிகிறது என்று யார் சொன்னாலும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, சட்டை உரசினால் வலிக்கிறதா என்பது.

வார்டில் இந்தப் பழக்கம் எனக்கு ஒன்பது ஆண்டிலும் வரவில்லை. அங்கே நாலாம் நாள் ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், படுக்கை எண் மட்டும்தான் நினைவிருக்கும். இங்கே ஒருவரை மாதக்கணக்கில் பார்க்கிறேன். எவருடைய ரத்த அழுத்தம் எப்போதும் 150இல் நிற்கும், எவர் வலி இருந்தாலும் சிரிப்பார் என்று தெரியும். என்ன குற்றம் என்று மட்டும் கேட்பதில்லை. தெரிந்தால் கை ஒரு மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம்தான். சிறையில் இருப்பவருக்கும் வெளியே கிடைக்கும் அதே தரத்தில் மருத்துவம் வேண்டும் என்று ஐநா 2015இல் ஏற்ற மண்டேலா விதிகள் சொல்கின்றன. விதியாகப் படிக்கும்போது எளிதாகத்தான் இருந்தது. நம்பிக்கை போன ஒருவரின் நெஞ்சு வலியை முழுதாகக் கேட்பதும் அதில் அடங்கும் என்பது அந்த அக்கிக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறைக்கக் கூடாத இன்னொன்று பிரம்படி. சட்டப்படி 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குத்தான், ஒரே நேரத்தில் 24 அடிக்கு மேல் கூடாது, மருத்துவ அதிகாரி உடன் இருக்க வேண்டும். என்னிடம் வருவது பிறகான புண். மற்ற புண்ணைப் போலவே சுத்தம் செய்து மருந்து போடுகிறேன். அந்த நாட்களில் வீட்டில் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. உங்களால் முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வார்டுக்குத் திரும்ப நினைத்தால் என்ன ஆகும்? இதில் என் அனுபவம் மெலிதுதான், நான் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. கை கொஞ்சம் மரத்திருப்பது மட்டும் தெரிகிறது. வார்டில் கண்ணை மூடிக்கொண்டு ஐவி ஊசி போட்டவள், போன முறை பயிற்சி வகுப்பில் இரண்டு தடவை தவறவிட்டேன். அதனால் பட்டயம் முடித்த கையோடு சிறைக்கு வர நினைக்கும் தங்கைகளுக்கு, முதலில் வார்டில் மூன்று ஆண்டாவது இருந்துவிட்டு வாருங்கள் என்பேன். உண்மையான நோயாளி எப்படி இருப்பார் என்று நூறு பேரைப் பார்த்திருந்தால்தான் நடிப்பைப் பிரிக்கத் தெரியும்.

தோழியிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: நேர்காணலில் சம்பளத்தைப் பிறகு கேள். முதலில், இரவில் மருத்துவர் எங்கே இருப்பார், அழைத்தால் எவ்வளவு நேரத்தில் பேசுவார், நான் அனுப்ப வேண்டும் என்று சொல்லி அதிகாரி வேண்டாம் என்றால் யார் பேச்சு நிற்கும் என்று கேள். பதிலை இழுத்தார்கள் என்றால் வார்டிலேயே இரு.