பெர்த்தில் கேரவன் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்திற்கு

மேற்கு ஆஸ்திரேலியாவின் கருங்கல் பாறைகளைப் பார்க்கக் கேரவனில் (படுத்துத் தங்கும் வசதியுள்ள வண்டி) கிளம்பும் நம்மவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நாங்கள் 1,500 டாலர் முன்பணத்தை இழந்து நிற்கிறோம்.

இணைய விளம்பரம் பார்த்துத்தான் கேரவன் வாடகைக்கு விடும் ஒருவரிடம் போனோம். வாசலில் நாலு கேரவன் நின்றது, தொழிலாகவே செய்கிறார். அலை போல வளைந்து நிற்கும் வேவ் ராக் பாறையைப் பார்த்துவிட்டு வடக்கே பெரிங்பூடிங் பாறைக்கும் போவோம், அங்கே மண் ரோடு என்று முதலிலேயே சொன்னேன். "தாராளமாகப் போங்க, எல்லாரும் போறாங்க" என்றார். பிள்ளைகள் அவசரப்படுத்த, அவர் நீட்டிய ஒப்பந்தத் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பெர்த்திலிருந்து, வேவ் ராக்குக்குப் பக்கத்து ஊரான ஹைடன் வரை சுமார் 340 கிலோமீட்டர், நல்ல தார் ரோடு. வேவ் ராக் 15 மீட்டர் உயரம், 110 மீட்டர் நீளம். அதில் இறங்கும் கறுப்பும் காவியுமான கோடுகளை அம்மா கையால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். மழைநீரை அணைக்குத் திருப்பிவிடப் பாறைமேல் கட்டிய சிறு சுவரைப் பார்த்து, "நம்ம ஊர் ஏரிக் கால்வாய் மாதிரி" என்றார். அந்த ஒரு நாளுக்காகவே போகலாம்.

அன்று இரவு கேரவன் பார்க்கில் கரண்ட் செருகியிருந்தோம், குறை எதுவும் தெரியவில்லை. மறுநாள் பெரிங்பூடிங்கில் கரண்ட் கிடையாது. இரண்டே மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிட்டது. விளக்கும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. குழந்தைக்கு வைத்திருந்த பால் விடிவதற்குள் திரிந்துவிட்டது.

திரும்பும் வழியில், மண் ரோட்டில், கேரவனின் இடது டயர் தோல் உரிந்தது போலப் பிய்ந்து வந்தது. போனில் சிக்னல் இல்லை. ஸ்டெப்னியை எடுத்தால் அதன் பக்கவாட்டிலும் வெடிப்பு. டயரில் பொறித்திருக்கும் எண்ணை அப்போதுதான் பார்த்தேன்: 2311. அதாவது 2011-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரித்தது! அந்தப் பக்கம் வந்த கோதுமை விவசாயி ஒருவர்தான் தன் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஒரு பழைய டயரைப் போட்டுவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மனிதர் தாளின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார்: தார் ரோட்டில் மட்டும். நாங்கள் போன தடம் முழுக்க ஜிபிஎஸ்ஸில் இருந்தது. டயருக்கும் பழி எங்கள் மேல்தான். முன்பணம் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டார்.

நீங்கள் எடுக்கும்போது டயரின் அந்த நாலு இலக்கத்தைக் குனிந்து பாருங்கள், ஸ்டெப்னியிலும் பாருங்கள். கரண்டைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரமாவது விளக்கும் பிரிட்ஜும் ஓடட்டும். மண் ரோட்டுக்கு அனுமதி உண்டு என்பதைக் குறுஞ்செய்தியிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். வேவ் ராக்கைத் தாண்டினால் பல பாறைகளுக்கு மண் ரோடுதான் வழி.

மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். அவர் வாயால் சொன்னதற்கு எங்களிடம் எழுத்து எதுவும் இல்லை. பக்கத்தில் நின்று கேட்ட அம்மாவும் மனைவியும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.