முகமூடி, பரண், சுரங்கம்: பண்டிகை ஸ்லாஷர்களில் எது தேறும்?

ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போகும் திகில் படம்தான் ஸ்லாஷர். கையில் காசு குறைவாக இருக்கும் ஸ்லாஷர் படம் பண்டிகை நாளைப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. அலங்காரத்தையும் பாட்டையும் ஊரே தயார் செய்து வைத்திருக்கும். ஆனால் பண்டிகையைத் தோரணமாகக் கட்டித் தொங்கவிட்டால் மட்டும் போதாது. கொலைகாரன் ஒளிந்துகொள்ள அந்த நாள் இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ப்ளாக் கிறிஸ்துமஸ்' (1974), 'ஹாலோவீன்' (1978), 'மை ப்ளடி வேலன்டைன்' (1981) மூன்றையும் அந்தக் கணக்கில்தான் இங்கே எடைபோடுகிறோம். கதையின் சில இடங்கள் வெளிப்படும்.

செலவை எண்ணிச் செய்ததில் 'ஹாலோவீன்' முதலிடம். இயக்குநர் ஜான் கார்ப்பென்டருக்குக் கிடைத்தது சுமார் 3 லட்சம் டாலர், படப்பிடிப்புக்குச் சுமார் 20 நாள். அதில் கணிசமான பங்கைக் கேமராவில் போட்டார்கள்: பானவிஷன் அகலத்திரை லென்ஸ், நடந்துகொண்டே ஆடாமல் படமெடுக்கும் பானாகிளைட். மிச்சம் பிடித்தது மற்றதில். கொலைகாரனுக்காக, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகம் பதித்த கடை முகமூடி ஒன்றை 2 டாலருக்கும் குறைவாக வாங்கி, கிருதாவைப் பிய்த்து, கண் துளையைப் பெரிதாக்கி, வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். எந்த உணர்ச்சியும் மிஞ்சாத அந்த முகத்தைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். எல்லோரும் வேடம் போடும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று பட்டப்பகலில் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றாலும் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். இதைவிட நல்ல மறைவிடத்தைக் காசு கொடுத்தும் கட்ட முடியாது.

நாயகி லாரி ஸ்ட்ரோட் கதவோரம் சாய்ந்து அழும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அவளுக்குப் பின்னால் கருத்த அறை வாசல். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அந்த இருட்டுக்குள் ஒரு சின்ன விளக்கை டிம்மரில் மெல்ல ஏற்றுகிறார். வெள்ளை முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறது. நம் கண்தான் இருட்டுக்குப் பழகிவிட்டது என்று தோன்றும். இதே முகத்தைச் சட்டென்று காட்டியிருந்தால் ஒரு நொடி அதிர்ச்சியோடு முடிந்திருக்கும்.

குறையும் உண்டு. கதை இல்லினாய் மாநிலத்தின் இலையுதிர்காலத்தில் நடக்கிறது. எடுத்ததோ கலிஃபோர்னியாவின் வசந்தத்தில். தரையில் கிடக்கும் சருகுகள் சாயம் பூசியவை, ஒரு ஷாட் முடிந்ததும் அள்ளி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். மேலே மரங்கள் பச்சையாகவே நிற்கின்றன. இந்தப் பொத்தலை அடைப்பது இசைதான். கார்ப்பென்டரே போட்ட 5/4 தாளத்துப் பியானோ, நான்கில் முடியும் என்று எதிர்பார்க்கும் காதை ஒவ்வொரு சுற்றிலும் ஏமாற்றுகிறது.

பயத்தை மட்டும் கேட்டால் எங்கள் ஓட்டு பாப் கிளார்க்கின் 'ப்ளாக் கிறிஸ்துமஸ்' படத்துக்கே. டொரன்டோவில் எடுத்த கனடியப் படம், 'ஹாலோவீன்' வருவதற்கு 4 ஆண்டு முந்தியது. கொலைகாரனின் கண்ணாக அலையும் கேமரா இதிலேயே முழுதாக இருக்கிறது. கேமராவைத் தோளோடு பிணைக்கும் ஒரு சட்டத்தைப் பயன்படுத்தினார் கேமராமேன் பெர்ட் டங்க். கை இரண்டும் காலியானதால், கொடி படரும் மரச்சட்டத்தைப் பிடித்து அவரே சுவரில் ஏற முடிந்தது. திரையில் தெரியும் கைகள் அவருடையவை.

கிறிஸ்துமஸ் இங்கே இரண்டு வேலை செய்கிறது. விடுதியில் தங்கியிருக்கும் கல்லூரி மாணவிகள் விடுமுறைக்குக் கிளம்பும் நேரம், ஆகவே ஒருத்தி காணாமல் போனால் ஊருக்குப் போயிருப்பாள் என்றே நினைக்கிறார்கள். அவள் பரணில், பிளாஸ்டிக் உறை மூடிய முகத்தோடு, ஆடும் நாற்காலியில் இருக்கிறாள். இன்னொன்று, வாசலில் சிறுவர்கள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும்போது மாடியில் நடக்கும் கொலை. பாட்டு அலறலை மூடுகிறது. இசையமைப்பாளர் கார்ல் சிட்டரர் பியானோ தந்திகளில் முள்கரண்டி, சீப்பு, கத்தி எல்லாம் கட்டி எழுப்பிய ஓசை சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். கொலைகாரன் யார், ஏன் செய்தான் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. விடை வேண்டும் என்பவர்களுக்கு இது கசக்கும்.

'மை ப்ளடி வேலன்டைன்' மூன்றில் கொஞ்சம் வசதியான படம். இயக்குநர் ஜார்ஜ் மிஹால்கா, கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் சிட்னி மைன்ஸில், மூடப்பட்ட நிஜ நிலக்கரிச் சுரங்கத்திலேயே எடுத்தார். மீத்தேன் அபாயத்தால் பெரிய விளக்குகளை உள்ளே கொண்டுபோக முடியவில்லை. அந்த மங்கல் படத்துக்கு வரமாகிவிட்டது. வாயு முகமூடி போட்டவன் சுரங்கத் தொழிலாளியின் பிக்காசால் விளக்குகளை ஒவ்வொன்றாக உடைத்தபடி சுரங்கப்பாதையில் நெருங்கும் காட்சி ஒன்றே போதும். ஆனால் காதலர் தினத்துக்கு இங்கே பெரிதாக வேலை இல்லை: மிட்டாய்ப் பெட்டியில் இதயம், ஒரு நடன விருந்து, அவ்வளவுதான். சுரங்கம்தான் படத்தைத் தாங்குகிறது. அமெரிக்கத் தணிக்கையில் கொலைக்காட்சிகள் கடுமையாக வெட்டுப்பட்டன. 2009இல் வெளிவந்த டிஸ்க்கில் சுமார் 3 நிமிடம் திரும்பச் சேர்ந்தது. அந்தத் துண்டுகளில் படத்தின் தரம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். என்றாலும் வெட்டுப்படாத பதிப்பையே தேடுங்கள், வெட்டிய பதிப்பில் கொலைகள் பாதியில் தாவிவிடும்.

'சைலன்ட் நைட், டெட்லி நைட்' (1984) படத்தையும் பலர் இந்த வரிசையில் வைப்பார்கள். கோடரியோடு சாண்டா வரும் விளம்பரத்தைப் பார்த்துப் பெற்றோர் போராட, படம் சீக்கிரமே திரையரங்குகளிலிருந்து போனது. பரபரப்பைக் கழித்துவிட்டால் பண்டிகை வெறும் உடுப்பாகத்தான் மிஞ்சுகிறது. 1987இல் வந்த இரண்டாம் பாகத்தின் முன்பாதியில் பெரும்பகுதி முதல் படத்தின் காட்சிகளே, அதைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

தேடும்போது ஆண்டைப் பார்த்து எடுங்கள். மூன்றுக்கும் அதே பெயரில் மறுஆக்கங்கள் உண்டு. வகைக்குப் புதியவர்கள் 'ஹாலோவீன்' படத்தில் தொடங்கலாம். 'ப்ளாக் கிறிஸ்துமஸ்' படத்தை ஹெட்போன் போட்டுப் பாருங்கள், கொலைகாரன் விடுதிக்குப் போன் செய்து பேசும் குரல்கள் அடுக்கடுக்காகப் பிரிந்து கேட்கும். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். போன் இன்னும் ஒலிக்கிறது.