ஒரு தட்டு மத்தியும் நாலு வாத்தியார்களும்: புதுச்சேரியில் ஒரு வார இறுதிப் பட்டறை

புதுச்சேரி ரயில் நிலையம் பக்கம் ஒரு மாடியில் சனி, ஞாயிறு நடக்கிற பட்டறைக்குப் போய் வந்தேன். உலகப் பிரச்சினை எதையும் ஒரே படிப்பை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது, பல துறைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது நடத்துகிறவர்களின் வாதம். கட்டணம் 1,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. நான் கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலக் கடையில் கணக்கு எழுதுகிறவன். சனிக்கிழமைத் தலைப்பு மீன் என்பதால்தான் பணம் கட்டினேன்.

அந்த ஒரு நாளுக்கே கொடுத்த காசு தகும். மேசையில் ஒரு தட்டு நிறைய மத்தி, எல்லாம் பொடிசு. எங்கள் கடையில் இந்தச் சரக்கு வந்தால் வியாபாரி பெட்டிக்குள் கையை விட்டு வயிற்றை அழுத்திப் பார்ப்பார். வயிறு உடைந்திருந்தால் சாப்பாட்டுக்கு ஆகாது, மீன்தூள் கம்பெனி லாரிக்குத்தான். தூள் தீவனத்துக்குப் போகும். அதற்கு மேல் எனக்கு அக்கறை இருந்ததில்லை.

அவர்கள் அந்தத் தூளைப் பிடித்துக்கொண்டு பெரு நாட்டுக்குப் போனார்கள். 1970-ல் அங்கே ஒரே ஒரு நெத்திலி வகையை மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல் பிடித்திருக்கிறார்கள், பெரும்பகுதி தூளுக்கு. 1972-73-ல் எல் நினோ வந்து கடல் சூடானது, அடியிலிருந்து சத்தோடு மேலே வரும் குளிர்ந்த நீர் குறைந்தது, மீன்பாடு விழுந்துவிட்டது. கடலியல் ஆசிரியர் இதோடு முடிக்கப் பார்த்தார். மீன்வள ஆசிரியை விடவில்லை. “அதற்கு முன்பே அளவுக்கு மீறி அள்ளியாயிற்றே, பழியை எல் நினோ தலையில் மட்டும் போடாதீர்கள்” என்றார். பொருளாதாரக்காரர் குறுக்கே புகுந்தார். தீவனத்துக்குத் தூள் கிடைக்காமல் சோயாவுக்குக் கிராக்கி ஏறியது சரி, அதே சமயம் 1972-ல் சோவியத் யூனியன் அமெரிக்கத் தானியத்தைப் பெருமளவில் வாங்கியதையும் கணக்கில் சேருங்கள் என்றார். 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதையே நம்பியிருந்த ஜப்பான், பிற்பாடு பிரேசிலில் சோயா விளைவிக்கப் பணம் போட்டது. அங்கே செராடோ என்கிற புல்வெளிகள் சோயா வயலானதில் அதற்கும் ஒரு பங்கு. கடைசி வரை மூவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டே இருந்ததில், எனக்கு ஒரு பெட்டி மீனின் விலைக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்பது தெரிந்தது.

மதியம் சாம்பார், உருளைக்கிழங்கு. மீன் வகுப்புக்கு இது அநியாயம்.

அப்புறம் சுருக்குமடி, அதாவது மீன் கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கி அள்ளுகிற பெரிய வலை. எங்கள் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டைதான். தமிழ்நாடு 2000-ல் போட்ட தடை, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும் என்று இடைக்காலமாகக் கொடுத்த அனுமதி, எல்லாவற்றையும் வக்கீல் அழகாக விளக்கினார். 12 மைல் வரைதான் மாநிலத்தின் கடல் என்று அவர் சொன்னதும், “மத்திக்கு அந்தக் கோடு தெரியுமா?” என்று கேட்டார் மீன்வள ஆசிரியை. வக்கீலிடம் பதில் இல்லை. இருந்தாலும் கோடு இல்லாமல் சட்டம் எழுத முடியாது என்று அவர் சமாளித்ததும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக். வேதியியல், சமூகவியல், மேலாண்மை என்று ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஸ்லைடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் அறையிலேயே இல்லை. இப்படி வரிசையாகப் பேச வைப்பதற்குப் பெயர் சேர்த்துப் படிப்பதா? தனித்தனியாக யூடியூபில் கேட்டுக்கொள்ளலாமே. கையேடும் முழுக்க ஆங்கிலம். மைக் வேறு இரைச்சல்.

அடுத்து நிலத்தடி நீர் பற்றி நடத்துவார்களாம், நெய்வேலிச் சுரங்கத்துக்காக இறைக்கிற தண்ணீரிலிருந்து தொடங்கி. நிலவியல்காரரையும் விவசாயப் பொருளாதாரம் தெரிந்தவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆமாம் என்றால் நானும் வருகிறேன்.