டிகிரியா, கிராஃப்ட் கோர்ஸா? சமையல்கட்டுக்குப் போகிறவன் பார்க்க வேண்டியது

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, "மாமா, ஷெஃப் ஆகணும், எதுல சேரட்டும்?" என்று வந்து நின்றான். பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் நண்பனும் இதே கேள்வியோடு சென்னை தரமணியில் ஐ.எச்.எம். என்கிற ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி வாசலில் நின்றோம். அவன் மூன்று வருட பி.எஸ்சி.யில் சேர்ந்தான். நான் ஒன்றரை வருட உணவுத் தயாரிப்பு கிராஃப்ட் கோர்ஸ். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த கதையைச் சுருக்கிவிடலாம். டிகிரிக்குப் பிளஸ் டூவும் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வும் வேண்டும். கிராஃப்டுக்குப் பத்தாம் வகுப்பு போதும், செலவும் குறைவு.

நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: படிக்கிற காலத்தில் நிஜ ஓட்டல் அடுப்படியில் எத்தனை வாரம் நிற்கப்போகிறாய்? டிகிரி என்பது சமையல், பரிமாறல், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ் என்று நான்குக்கும் பொது. எங்கள் காலத்தில் அதற்கு ஓட்டலில் பயிற்சி ஏறத்தாழ நான்கு மாதம். அதை நான்கு துறையும் பங்கு போட்டுக்கொண்டால் அடுப்படிக்குக் கிடைப்பது ஒரு மாதம். கிராஃப்டில் பயிற்சிக்கான 24 வாரமும் சமையல்கட்டுதான்.

எங்கள் இருவருக்கும் ஒரே ஓட்டல் வாய்த்தது. முதல் இரண்டு வாரம் வெங்காயம், பூண்டு, மறுபடி வெங்காயம். மூன்றாவது வாரம் அவனை கிரேவி கிளற விட்டார்கள். கை பழகும் நேரத்தில் ரோஸ்டர் (யாருக்கு எங்கே டியூட்டி என்ற பட்டியல்) மாறி, மெத்தை விரிப்பு மடிக்கப் போய்விட்டான். எனக்கு நான்காவது மாதம் காலை பஃபேயில் முட்டை கவுன்ட்டர் கிடைத்தது. முதல் இரண்டு ஆம்லெட்டும் அடிபிடித்தன, எதிரே வரிசை நீள்கிறது. பின்னால் நின்ற ஷெஃப், "மணியைப் பார்க்காதே தம்பி, வெண்ணெய்ச் சத்தத்தைக் கேளு" என்றார். நுரை அடங்கி, சீறல் ஓய்ந்ததும் முட்டையை ஊற்ற வேண்டும். அந்த நொடி பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு மாதப் பயிற்சிக்காரனை யார் அந்தக் கவுன்ட்டரில் விடுவார்கள்?

வேலைக்குப் போகும்போது இது தெரியும். சமையல்கட்டு வேலைக்கு டிரேட் டெஸ்ட் உண்டு. அடுப்பைக் காட்டி, சமைக்கச் சொல்லிவிட்டு, கத்தி பிடிக்கும் விதத்தையும் வேலை முடிந்தபின் மேடை கிடக்கும் கோலத்தையும் கவனிப்பார்கள். நான் போன இடங்களில் ஃபைலை அப்புறம்தான் திறந்தார்கள். கமி 3, அதாவது சமையல்கட்டில் ஆரம்பப் படி உதவியாளனாகச் சேர்ந்தேன். நண்பன் டிகிரி முடித்து அதே கமி 3 ஆக வந்தபோது நான் அடுத்த படியான கமி 2.

சரி, அவன் பக்கமும் உண்டு. மேனேஜ்மென்ட் டிரெயினி வேலைகளுக்குப் பெரும்பாலும் டிகிரி கேட்கிறார்கள். கேட்டரிங் கல்லூரியில் பாடம் நடத்தவும் அது வேண்டும். சமையல்கட்டிலேயே மேலே போகப் போக கரண்டி குறைந்து காகிதம் கூடும்: இன்டென்ட் (ஸ்டோரில் பொருள் கேட்கும் சீட்டு), ஃபுட் காஸ்ட், டியூட்டி ரோஸ்டர். ஒரு தட்டு பிரியாணிக்குப் பொருள் செலவு விற்பனை விலையில் எத்தனை சதவீதம் என்று அவன் நிமிடத்தில் போட்டுவிடுவான். நான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து எக்செல் கற்றுக்கொண்டேன். இன்று இருவருமே சி.டி.பி., அதாவது சமையல்கட்டில் ஒரு பிரிவைக் கவனிக்கும் ஷெஃப். அடுத்த படிக்கு அவன் முந்திவிடக்கூடும், மறுக்கமாட்டேன். கப்பல் வேலைக்கு எது தோது என்றால், நான் ஏறியதில்லை. ஏறிய கூட்டாளிகள், அங்கே அனுபவத்தைத்தான் கேட்கிறார்கள் என்கிறார்கள்.

மருமகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒரு முகூர்த்த நாளில், வெளிக் கேட்டரிங்குக்குக் கையாளாக அழைத்துப் போனேன். ஒரு மூட்டை சின்ன வெங்காயம், தரையில் தண்ணீர், பக்கத்தில் மூன்று அடுப்பு. ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, ஃப்ரண்ட் ஆபீஸ்ல ஏ.சி. இருக்கும்ல?"

மறுநாள் டிகிரி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் எப்போது என்று நானே பார்த்துச் சொன்னேன்.